மார்பக நோவும் உணவு மருந்துகளும்

மனித உடலில் தோன்றும் நோவுகளுள் சில, தோன்றிய அன்றே வாய்விட்டுச் சொல்லப்படுகின்றன. பல்வலியும் தலைவலியும் அவ்வகையின. வேறு சில, ஆண்டுக்கணக்கில் ஒருவர் நெஞ்சுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. பெண்களுக்கு மாதந்தோறும் வந்து போகும் மார்பக நோவு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு பருவத்தில் இதனை உணர்கின்றனர் என்று மருத்துவர் கூறுவர். இவ்வளவு பொதுவான ஒன்றைப்பற்றிப் பேசுவதற்கு நாணம் தடையாக நிற்கிறது. பேசாமையால் அச்சம் வளர்கிறது. அச்சம் வளர்ந்த இடத்தில் விளம்பரம் நுழைகிறது. இந்த எண்ணெயை உண்ணுங்கள், அந்த மாத்திரையை விழுங்குங்கள், காப்பியைக் கைவிடுங்கள் என்று பல குரல்கள் எழுகின்றன. இக்குரல்களுள் எவற்றை நம்பலாம், எவற்றை நம்பலாகாது என்று தெளிவதற்கு ஒரு வழி உண்டு. அவ்வழியை மாணவ மாணவியர்க்கு விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். மார்பு வலி என்றவுடன் நமக்கு இதய நோய் நினைவுக்கு வருகிறது. இங்கே நாம் கருதுவது அதுவன்று. மார்பகத்தில் பால் சுரப்பதற்கென அமைந்த சுரப்பித் திசுக்களும், பாலைக் கொண்டு செல்லும் நுண்குழாய்களும், அவற்றைச் சூழ்ந்த கொழுப்பும் உள்ளன. அத்திசுக்களில் தோன்றும் கனமும் இறுக்கமும் நோவுமே நம் பொருளாகும்.

இந்நோவுக்கும் குருதியில் ஓடும் சில நுண்பொருள்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1902ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இரு அறிஞர்கள், சிறுகுடல் ஒரு பொருளைக் குருதியில் கலந்து அனுப்பிக் கணையத்தைச் சுரக்கச் செய்கிறது என்று கண்டறிந்தனர். ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்கு, நரம்பின் துணையின்றியே, செய்தி அனுப்ப இயலும் என்பது அன்று புதுமையான கருத்து. இத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்னும் பெயரை 1905ஆம் ஆண்டில் ஸ்டார்லிங் வழங்கினார். ‘தூண்டி எழுப்புதல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. தமிழில் நாம் வழங்கும் ‘இயக்குநீர்’ என்னும் சொல்லும் அப்பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது.

பெண்ணுடலில் பணிபுரியும் இயக்குநீர்களுள் இரண்டு இங்கே முக்கியமானவை. ஒன்று ஈஸ்ட்ரஜன், மற்றொன்று புரொஜெஸ்டிரோன். ஈஸ்ட்ரஜன் வகைப் பொருளொன்றை 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் புட்டனாண்டும் தனித்தனியே பிரித்தெடுத்தனர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1934ஆம் ஆண்டில், புரொஜெஸ்டிரோனும் தூய வடிவில் கிடைத்தது. இவ்விரண்டும் சூலகத்தில் சுரக்கின்றன. மாதவிடாய் முடிந்ததும் ஈஸ்ட்ரஜனின் அளவு படிப்படியாக உயர்கிறது. திங்களின் நடுவில் கருமுட்டை வெளிப்படுகிறது. அதன்பின் புரொஜெஸ்டிரோன் பெருகுகிறது. கரு உண்டாகாவிடில், அடுத்த மாதவிடாய்க்கு முன்னே இரண்டின் அளவும் விரைந்து தாழ்கின்றன.

இவ்வேற்ற இறக்கத்தை மார்பகமும் உணர்கிறது. ஈஸ்ட்ரஜனின் தூண்டுதலால் நுண்குழாய்கள் வளர்கின்றன. புரொஜெஸ்டிரோனின் தூண்டுதலால் சுரப்பிக் குலைகள் பருக்கின்றன. திசுக்களில் குருதியோட்டமும் நீரும் சற்று மிகுகின்றன. வரக்கூடிய ஒரு குழந்தைக்காக ஒவ்வொரு திங்களும் உடல் செய்து வைக்கும் ஆயத்தம் இது. ஆகவேதான் மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பிருந்து இரண்டு மார்பகங்களிலும் கனமும் நோவும் தோன்றி, மாதவிடாய் தொடங்கியதும் தணிந்து விடுகின்றன.

அப்படியானால் நோவு மிகுந்தவர்களின் குருதியில் இயக்குநீரும் மிகுந்திருக்க வேண்டுமல்லவா? அளந்து பார்த்தபோது அவ்வாறு காணப்படவில்லை. நோவு உடையவர்க்கும் இல்லாதவர்க்கும் அவ்வளவு பெரும்பாலும் ஒத்தே இருந்தது. வேறுபாடு, அச்செய்தியை ஏற்கும் திசுவின் உணர்ச்சி மிகுதியில் இருக்கக்கூடும் என்பது அறிஞர் கருத்து. ஒரே வெயிலில் நிற்கும் இருவருள் ஒருவருக்கு மட்டும் தலை நோவதைப் போன்றது இது. ஆதலால், ‘உன் இயக்குநீர்கள் சமநிலை இழந்துவிட்டன, இம்மாத்திரை அவற்றைச் சமப்படுத்தும்’ என்று விளம்பரம் சொல்லும்போது, அதன் முதற்பாதியே ஐயத்திற்கு உரியது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பூப்பெய்தும் பருவத்திலும், கருவுற்ற தொடக்க வாரங்களிலும், மாதவிடாய் நிற்பதற்கு முந்திய ஆண்டுகளிலும் இயக்குநீர்கள் பெரிதும் ஏறி இறங்குகின்றன. அக்காலங்களில் இந்நோவு தோன்றுதல் இயல்பு. கருத்தடை மாத்திரைகளாலும் வேறு சில மருந்துகளாலும் இது உண்டாகலாம். மாணவர்களும் ஒன்றை அறிந்து கொள்ள வேண்டும். பருவ மாற்றத்தின்போது ஆண் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மார்பில் சிறு வீக்கமும் கூச்ச உணர்வும் தோன்றுகின்றன. அதற்கும் இயக்குநீர் மாற்றமே காரணம். ஓரிரண்டு ஆண்டுகளில் பெரும்பாலோர்க்கு அது தானே மறைந்து விடுகிறது. அதனை எள்ளி நகையாடுதல் அறியாமையன்றி வேறில்லை.

இனி, உணவு மருந்துகளுக்கு வருவோம். ஒரு மருந்து பயன் தருகிறதா என்று அறிவது எளிதன்றோ, உண்டு பார்த்தால் தெரிந்துவிடுமே என்று சிலர் எண்ணலாம். இந்நோவைப் பொறுத்தவரை அது எளிதன்று. இது தானே வருவது, தானே போவது. சில திங்கள் கடுமையாக இருந்து, பின் பல திங்கள் இல்லாமலே போவதும் உண்டு. நோவு உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் மருந்தைத் தேடுகிறார். உச்சத்திற்குப் பின் வருவது இறக்கமே. மழை ஓயும் வேளையில் குடையை விரித்த ஒருவன், ‘என் குடையால் மழை நின்றது’ என்று கூறினால் நாம் நகைப்போம். மருந்தின் செய்தியில் மட்டும் அவ்வாறு நகைக்க நாம் மறந்து விடுகிறோம்.

இத்தடையைக் கடக்க மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒரு முறையைக் கையாள்கின்றனர். நோவுடைய பலரை இரு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரிக்கின்றனர். ஒரு குழுவினர்க்கு உண்மை மருந்தும், மற்றொரு குழுவினர்க்கு அதைப் போலவே தோன்றும் மருந்தற்ற பொருளும் தருகின்றனர். யாருக்கு எது கிடைத்தது என்பதை உண்பவரும் அறியார், கொடுப்பவரும் அறியார். ஒவ்வொருவரும் நாள்தோறும் தம் நோவின் அளவை ஓர் அட்டவணையில் குறிக்கின்றனர். திங்கள் பல கழிந்தபின் இரு குழுவினரின் குறிப்புகளும் ஒப்பிடப்படுகின்றன. உண்மை மருந்து உண்டவர்க்கு மற்றவரைவிடத் தெளிவாக நோவு குறைந்திருந்தால் மட்டுமே அம்மருந்துக்கு ஆற்றல் உண்டு என்று கூற இயலும்.

இம்முறையின் அருமையை ஈவினிங் பிரிம்ரோஸ் என்னும் செடியின் வரலாறு நன்கு காட்டுகிறது. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி மாலையில் மஞ்சள் நிறப் பூக்களை மலர்த்தும். இதன் விதையெண்ணெயில் காமா லினோலெனிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் உண்டு. அவ்வமிலம் குறைந்திருப்பதால்தான் திசுக்கள் இயக்குநீர்க்கு மிகுதியாகக் கூசுகின்றன என்று ஒரு கொள்கை எழுந்தது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் மார்பக நோவுக்கென்றே நடைபெற்ற மருத்துவப் பிரிவில் இவ்வெண்ணெயைக் கொடுத்துப் பார்த்தனர். தொடக்க காலச் சோதனைகள் நம்பிக்கையூட்டின. பிரிட்டனில் இது மருந்தாகவே உரிமம் பெற்றது. மருத்துவர் சீட்டு எழுதி இதனை வழங்கினர்.

பின்னர், நெதர்லாந்து நாட்டில் கடுமையான நோவுடைய 120 பெண்களைக் கொண்டு நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிலர் இவ்வெண்ணெயை உண்டனர். சிலர் மீன் எண்ணெயை உண்டனர். சிலர் சாதாரணச் சோள எண்ணெய் போன்றவற்றை உண்டனர். எல்லாக் குழுக்களிலும் நோவு குறைந்தது. ஆனால் விலையுயர்ந்த எண்ணெயை உண்டவர்க்கு, சோள எண்ணெய் உண்டவரைவிட மிகுதியாகக் குறையவில்லை. அதே 2002ஆம் ஆண்டில், பயனுக்குப் போதிய சான்று இல்லை என்று கருதிப் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அதன் உரிமத்தைத் திரும்பப் பெற்றது. மருந்து என்னும் பெயர் போயிற்று. உணவுத்துணை என்னும் பெயரில் அவ்வெண்ணெய் இன்றும் கடைகளில் விற்கப்படுகிறது. அதனை உண்டு நலமடைந்தேன் என்று கூறிய பெண்கள் பொய் கூறினார் அல்லர். அவர்களுடைய நோவு மெய்யாகவே தணிந்தது. தணித்தது எண்ணெயா, காலமா, நம்பிக்கையா என்பதே வினா.

வைட்டமின்களின் கதையும் இத்தகையதே. 1965ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வைட்டமின் ‘ஈ’ இந்நோவுக்கு நல்லது என்று ஒருவர் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்கும் முறையில் சோதனை நடத்தி, அதற்குத் தெளிவான பயன் இல்லை என்று 1985ஆம் ஆண்டில் வேறு ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். வைட்டமின் ‘பி6’ என்பதும் பரவலாக உண்ணப்பட்டது. இதில் பயனின்மையோடு தீங்கும் சேர்ந்தது. நாள்தோறும் கிராம் கணக்கில் அதனை உண்டு வந்த சிலருக்குக் கைகால்களில் உணர்ச்சி மரத்து, நடை தள்ளாடியது என்று 1983ஆம் ஆண்டில் மருத்துவர் எழுதினர். வைட்டமின் என்பது உயிர்ச்சத்து. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழிக்கு அதுவும் விலக்கன்று.

காப்பியைப்பற்றி நம் வீடுகளில் பெரிதும் கவலை எழுகிறது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மின்டன் என்னும் அறுவை மருத்துவர், காப்பி, தேநீர் முதலியவற்றிலுள்ள காஃபீன் என்னும் பொருளை விலக்கினால் மார்பகக் கட்டிகளும் நோவும் குறைகின்றன என்று 1979ஆம் ஆண்டில் எழுதினார். செய்தி விரைந்து பரவிற்று. பின்னர் ஒப்பீட்டு முறையில் ஆராய்ந்தவர்கள் அத்தகைய பெரும்பயனைக் காணவில்லை. காப்பியைக் குறைப்பதால் உறக்கம் நன்றாக வரலாம், செலவும் குறையலாம். அதனால் மார்பக நோவு தீரும் என்று உறுதி கூறுவதற்கு மட்டும் சான்று இல்லை. குறைத்துப் பார்த்து நலம் கண்டவர் அவ்வாறே தொடர்வதிலும் தவறு இல்லை.

உடலில் நீர் தேங்குவதே காரணம் என்று கருதி, உப்பை ஒதுக்குவதும் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பதும் ஒரு காலத்தில் வழக்கமாயிருந்தன. உடலின் மொத்த நீரளவை அளந்து பார்த்து, நோவுக்கும் அதற்கும் தொடர்பு காணப்படவில்லை என்று 1975ஆம் ஆண்டில் கார்டிஃப் ஆராய்ச்சியாளர் தெரிவித்தனர். உப்பைக் குறைத்தல் குருதி அழுத்தத்திற்கு நல்லது. சிறுநீர் மாத்திரையை இந்நோவுக்காகத் தாமே வாங்கி உண்ணுதல் நல்லதன்று.

சற்றே நம்பிக்கை தரும் உணவுகளும் உள. கனடாவின் டொராண்டோ நகரில் 1988ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், உணவிலுள்ள கொழுப்பை மிகவும் குறைத்துக் கொண்ட பெண்களுக்கு நோவு குறைந்தது. ஆயினும் அதில் பங்குகொண்டோர் 21 பேரே. உணவை மாற்றியது அவர்களுக்கே தெரியுமாதலால், மருந்துச் சோதனை போல மறைத்து நடத்தவும் இயலவில்லை. நாள்தோறும் ஏறத்தாழ 25 கிராம் ஆளிவிதையை உணவிற் சேர்த்தவர்க்கு நோவு குறைந்தது என்று சில சிறிய ஆய்வுகள் கூறுகின்றன. ஆளிவிதையில் லிக்னான் என்னும் பொருள் உண்டு. குடலில் அது ஈஸ்ட்ரஜனை ஓரளவு ஒத்த பொருளாக மாறுகிறது. ஆளிவிதையும் குறைந்த கொழுப்பும் உணவாகவே இருப்பதால், அளவோடு உண்பவர்க்குப் பெரும்பாலும் தீங்கில்லை. உறுதியான பயன் என்று சொல்வதற்கு மட்டும் இன்னும் பெரிய சோதனைகள் வேண்டும்.

ஐரோப்பாவில் வைட்டெக்ஸ் அக்னஸ் காஸ்டஸ் என்னும் செடியின் கனியிலிருந்து எடுத்த சாறு பயன்படுகிறது. பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்னும் இயக்குநீரை அது சிறிது தாழ்த்துகிறது. சில சோதனைகளில் போலிப் பொருளைவிட அது மேலாகவே இருந்தது. நம் வேலிகளில் வளரும் நொச்சி இச்செடிக்கு உறவு; ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. உறவு என்பதனால் ஒன்றின் குணம் மற்றொன்றுக்கு வந்துவிடாது. அச்சோதனைகள் நொச்சியைக் கொண்டு நடந்தவையல்ல. ஆகவே நொச்சியைக் காய்ச்சிக் குடிப்பதற்கு அவற்றைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. கருவுற்றவரும், கருத்தடை மாத்திரை உண்பவரும் மருத்துவரைக் கேளாமல் அந்தக் கனிச்சாற்றையும் தொடலாகாது.

இவையெல்லாம் இருக்க, மிக எளிய மருந்து ஒன்று மிகுந்த பயன் தருகிறது. பிரேசில் நாட்டில் 1999ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நோவுடைய பெண்களை மருத்துவர் நன்கு சோதித்து, இது புற்றுநோயன்று என்று விளங்கச் சொல்லி அனுப்பினர். அவர்களுள் நூற்றுக்கு எழுபது பேர், அச்சொல்லே போதும், நோவு பொறுக்கத்தக்கதாகி விட்டது என்று கூறினர். அச்சம் வலியைப் பெருக்குகிறது. அறிவு அதனைக் குறைக்கிறது. இதற்கு அடுத்தபடி, உடலளவுக்குப் பொருந்திய, நன்கு தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை. ஓடும்போதும் விளையாடும்போதும் அதன் பயன் பெரிது. இவற்றிற்கும் அடங்காத நோவுக்கு, மருத்துவர் சொற்படி, வலி தணிக்கும் மேற்பூச்சு மருந்து உண்டு.

நோவுடைய மாணவி செய்யத்தக்கது யாது? ஒரு குறிப்பேட்டை எடுத்து, இரண்டு மூன்று திங்களுக்கு நாள்தோறும் நோவு இல்லை, சிறிது உண்டு, மிகுதியாக உண்டு என்று குறித்து வரவேண்டும். மாதவிடாய் நாள்களையும் குறிக்க வேண்டும். திங்கள்தோறும் ஒரே காலத்தில் ஏறி இறங்கும் கோலம் அதில் தெரிந்தால், இது இயக்குநீர்களின் வேலையே என்பது புலப்படும். புதிதாக ஓர் உணவுத்துணையைத் தொடங்க எண்ணினால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள குறிப்புகளை ஒப்பிட வேண்டும். மூன்று திங்களில் மாற்றம் இல்லையெனில் அதனை நிறுத்திவிடலாம். பல துணைகளை ஒரே நாளில் தொடங்கினால் எது எதைச் செய்தது என்று ஒருநாளும் தெரியாது. வேறு மருந்து உண்பவர், குறிப்பாகக் குருதி உறையாமல் தடுக்கும் மருந்து உண்பவர், எந்தத் துணையையும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். செடியிலிருந்து வந்தது தீங்கற்றது என்னும் எண்ணம் எட்டிக்காயின் முன் நில்லாது.

இறுதியாக, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. மாதத்தோடு ஏறி இறங்கும் நோவு பெரும்பாலும் புற்றுநோயின் அறிகுறியன்று. ஆனால் நோவே இல்லாத கட்டி பொருட்படுத்தத்தக்கது. கையில் தட்டுப்படும் புதிய கட்டி, தோலில் குழிவு, காம்பு புதிதாக உள்ளிழுத்தல், காம்பிலிருந்து குருதி கலந்த நீர், ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் வலி, காய்ச்சலோடு கூடிய சிவந்த வீக்கம் ஆகிய இவற்றுள் எது தோன்றினாலும் எண்ணெயையும் மாத்திரையையும் நாடிக் காலம் போக்கலாகாது. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இன்று இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. தொடக்கத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்கது அது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அந்நாளிலும் இந்நாளிலும் மருத்துவர்க்குப் பெரிய பகை, நோயாளி நாணத்தால் தாமதித்து வருவதே.

தலைநோவைத் தாயிடம் சொல்வது போல இந்நோவையும் சொல்லலாம். வீட்டிலுள்ள மூத்தவர்கள் அதனைச் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். ‘இதற்கு இது நல்லது’ என்று யாரேனும் ஒரு புட்டியை நீட்டினால், ‘எவரோடு எவரை ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறீர்கள்?’ என்று பணிவோடு கேளுங்கள். விஞ்ஞானக் கல்வி தரும் பயன்களுள் அக்கேள்வியும் ஒன்று. தேர்வுக்காகக் கற்ற பல செய்திகள் மறந்துபோன பின்னும், அது உங்கள் உடலையும் பணத்தையும் காத்து நிற்கும்.